நல்ல மனசுக்காரர்

தேர்தல் அலுவலகத்தில் போன் போட்டு நிதி கேட்பதுதான் அவள் வேலை.

"ஐயா, நம்ம வேட்பாளருக்கு நன்கொடை..."

"கொடி கட்டவும் பேனர் வைக்கவுமா? அந்தக் காசை வீடு வாசல் இல்லாதவங்களுக்குக் கொடுத்தா புண்ணியம்! உனக்கே தோணலையாம்மா?"

"தோணுதுங்கய்யா."

அவர் திருப்தியாகப் போனை வைத்துவிட்டார்.

பொறுப்பாளர் எட்டிப் பார்த்தார். "இவரும் கைவிரிச்சிட்டாரா? நிதி வராம ஆபீஸை நடத்த முடியாது. இன்னியோட காலி பண்ணிடலாம். சாவியைக் கொடும்மா."

"காலையில தரட்டுமாண்ணே? பாப்பாவுக்குக் காய்ச்சல். இப்பதான் கண்ணசந்தா."

கொடிக்கட்டுகளுக்குப் பின்னால், வேட்பாளர் கைகூப்பிச் சிரிக்கும் பேனரைப் போர்த்திக்கொண்டு அவள் மகள் சுருண்டு கிடந்தாள்.

"காய்ச்சக்காரப் பிள்ளையை இங்கே ஏம்மா கூட்டிட்டு வந்தே? வீட்டுல படுக்கவைக்க வேண்டியதுதானே?"

"அந்த வீட்டைத்தாண்ணே காலி பண்ணச் சொல்றீங்க."