பொருக்கு

கத்தி பட்டுவிட்டது.

இடது காதுக்குப் பின்னால். வலி இல்லை. சூடாக ஏதோ கழுத்தில் இறங்கியது.

மின்மயானத்துக் குழாயடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். பாதித் தலை மழித்தாகியிருந்தது. முதுகுக்குப் பின்னால், கூடத்தில், அவன் மனைவி கிடந்தாள்.

“அசையாதீய தம்பி. படிகாரம் வச்சிருதேன்” என்றார் சவரம் செய்தவர். பையைத் துழாவினார்.

“வேண்டாம்.”

“ரத்தம் வருதுல்லா.”

“வரட்டும்.”

அவர் ஒரு கணம் பார்த்தார். கத்தி மீண்டும் நகர்ந்தது.

அவள் விரலை வெட்டிக்கொண்டதும் இப்படித்தான். ஒரு நொடி.

புற்றுக்கு மருந்து ஏற்றி முடிந்த வாரம் அது. வாய் கசக்கிறது, மாங்காய் வேண்டும் என்றாள். தானே நறுக்குவேன் என்று பிடிவாதம். கத்தி சுட்டுவிரலில் இறங்கியது.

அவன் ஓடிப்போய்ப் பஞ்சு எடுத்துவந்தான். வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கின்றன, சின்னக் கீறல்கூட ஆகாது என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

“வயித்துக்குள்ள எவ்வளவு பெரிய கூத்து நடக்கு. நீங்க என்னன்னா வெரலுக்கு அழுதுக்கிட்டு இருக்கிய.”

காலையும் மாலையும் கட்டை அவிழ்த்துப் பார்த்தான். விரல் சிவந்தது. வீங்கியது. தொட்டால் சுட்டது. கெட்டுப்போகிறது என்று பயந்தான்.

கெடவில்லை. அந்த வெள்ளை அணுக்கள் வந்துகொண்டிருந்தார்கள். அவளுக்குள் மிச்சமிருந்த கொஞ்சம் பேர்.

பொருக்குக் கட்டியது. உதிர்ந்தது. அடியில் புதுத் தோல், இளஞ்சிவப்பாக.

அவள் விரலை ஜன்னல் வெளிச்சத்தில் நீட்டினாள்.

“பாத்தியளா எங்க ஆளுகள. கூப்பிடாமலே வந்து, வேலைய முடிச்சிட்டுப் போய்ட்டாங்க.”

அன்று முழுவதும் சந்தோஷமாக இருந்தான். விரல் ஆறினால் மற்றதும் ஆறும் என்று நினைத்தான். படித்தவன்தான். நினைத்தான்.

அடுத்த வாரம் ஸ்கேன் எடுத்தார்கள். கல்லீரலிலும் கட்டி இருந்தது.

மருத்துவர் திரையில் ஒரு படம் காட்டினார். அவள் பெருங்குடலிலிருந்து எடுத்த துணுக்கு. நடுவில் கட்டி. அதைச் சுற்றி ஊதாப் புள்ளிகள். விசேஷ வீட்டு வாசலில் கிடக்கும் செருப்புகளைப் போல, நெருக்கமாக.

“இதெல்லாம் காவல் அணுக்கள். வந்திருக்கு. ஓரத்துலயே நின்னுடுச்சு.”

“ஏன் உள்ள போகல?”

“கட்டியும் அவங்க உடம்புல வளந்ததுதானே சார். நானும் நம்ம ஆளுதான்னு ஒரு அடையாளத்தக் காட்டும். இதுங்க நம்பிடும்.”

அந்த ஏமாற்றைக் கலைக்க ஒரு மருந்து இருந்தது. சிலருடைய கட்டிக்குத்தான் அது கேட்கும். சோதித்துப் பார்த்தார்கள்.

அவளுடையது கேட்காத வகை.

இன்று காலையில், அவளுடைய கைக் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டியபோது, சுட்டுவிரலைத் திருப்பிப் பார்த்தான்.

தழும்பைத் தேடினான்.

இல்லை. எந்தப் பக்கம் வெட்டியது என்றுகூடத் தெரியவில்லை. அவ்வளவு சுத்தமாக ஆறியிருந்தது.

“அக்கா இன்னும் கொஞ்சம் மனசு வச்சுப் போராடியிருக்கலாம் அத்தான்.”

அவள் தம்பி ஆவுடையப்பன். குழாயடியில் தண்ணீர் வாளியோடு பக்கத்தில் நின்றான். அழுது அழுது குரல் கம்மியிருந்தது.

போராட வந்தவர்களை அவன் திரையில் பார்த்திருந்தான். வாசலில் நின்றார்கள். ஒருவர்கூடத் திரும்பிப் போயிருக்கவில்லை.

அதை எப்படிச் சொல்வது.

கழுத்தில் இறங்கிய ரத்தம் தோள்பட்டை வரை வந்தது. அங்கேயே நின்றது.

சவரம் செய்தவர் குனிந்து காதை மடக்கிப் பார்த்தார்.

“தன்னால நின்னுட்டு. நல்ல ஒடம்பு தம்பி ஒங்களுக்கு.”

அவன் குனிந்து அந்த உடம்பைப் பார்த்தான். வயிறு. தொடை. ஈரத் தரையில் பாதங்கள்.

எல்லாம் நன்றாக இருந்தது.

ஆவுடையப்பன் தலையில் தண்ணீர் ஊற்றினான்.

பதினாறாம் நாள்.

வாசலில் செருப்புகள் நெருக்கமாகக் கிடந்தன. உள்ளே இலை போட்டிருந்தார்கள். தலையில் மயிர் முளைகட்டியிருந்தது. அவனும் உட்கார்ந்தான். வைத்ததைச் சாப்பிட்டான்.

பாயசம் ஊற்றக் குனிந்த ஆவுடையப்பன் அப்படியே நின்றான்.

“என்னத்தான் இது. காதுக்குப் பின்னால இன்னும் பச்சப் புண்ணாவே கெடக்கு.”

யாரோ எட்டிப் பார்த்தார்கள். யாரோ மஞ்சள் வைக்கச் சொன்னார்கள்.

“ஒரு பொருக்குக்கூடக் கட்டலையே. எங்கப்பாவுக்கும் இப்படித்தான் கால்ல ஆறாம கெடந்துது. நாளைக்கே போயி சுகர் இருக்கான்னு பாத்துருங்க.”

“சரி.”

“சும்மா சரின்னு சொல்லாதிய. நான் வந்து கூட்டிட்டுப் போறேன்.”

தலையாட்டினான்.

இடது கை மடியில் இருந்தது. சுட்டுவிரல் நகத்தின் இடுக்கில் பிய்த்த பொருக்கின் ரத்தம் கறுத்திருந்தது. அதை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டான்.

காதுக்குப் பின்னால் மெல்லச் சுட்டது.

மறுபடியும் வந்துகொண்டிருந்தார்கள்.