பழசை அழித்தவர்

“ஏன் மாமா, இத்தனை வருஷம் சர்வீஸ் போட்ட ஆளு செய்யற வேலையா இது?”

தம்பி பெட்டியைத் தொப்பென்று கூடத்தில் வைத்தான். அவன் ஏற வேண்டிய விமானம் ரத்து. காலையெல்லாம் விமான நிலையத்தில் காய்ந்துவிட்டு வந்திருந்தான். அந்தக் குளறுபடிக்குக் காரணம் தன் அக்கா புருஷன்தான் என்று தெரிந்ததும் கோபம் தலைக்கேறிவிட்டது.

விமானங்களுக்குத் தகுதிச் சான்றிதழ் தரும் அரசு அலுவலகத்தில், கம்ப்யூட்டர் பிரிவைப் பார்ப்பவர் அவர். அரதப்பழசான மென்பொருளை ஓரங்கட்டிவிட்டுப் புதியதைப் போட்டிருந்தார். இன்று அந்த விமானத்தின் சான்றிதழைப் புதுப்பிக்க வேண்டிய நாள். புதிய மென்பொருள் முடியாது என்று நின்றுவிட்டது.

“சரி, பழசுல போட்டுக் குடுக்கலாம்னு பார்த்தா, அதைச் சுத்தமா அழிச்சிருக்கீங்க. ஒரு காப்பிகூட எடுத்து வைக்கலையா?”

“கைதவறிடுச்சு மாப்ள.”

“நல்லா தவறுச்சு போங்க! சஸ்பெண்ட் ஆகி உக்காந்திருக்கீங்க. நாளைக்கு இந்த அரசாங்க வீட்டைக் காலி பண்ணச் சொன்னா அக்காவை எங்க கூட்டிட்டுப் போவீங்க?”

தம்பி தலையில் அடித்துக்கொண்டு குளிக்கப் போனான்.

அக்கா தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். அவர் தொடவில்லை.

“நாளைக்கு அவனை ரயில்ல போகச் சொல்லு.”

“ஏன்? நாளைக்கு அந்த விமானம் கிளம்பிடும்னு சொன்னாங்களாமே.”

“கிளம்பிடும். வேற ஆளை வச்சுப் புதுசுல இருக்கிற தடையை எடுக்கறாங்க.”

“கோளாறைச் சரி பண்றாங்க. நல்லதுதானே?”

“புதுசுல கோளாறே இல்ல. இஞ்சின்ல ஒரு பாகத்துக்கு ஆயுசு முடிஞ்சுபோச்சு. பழசு, விமானக் கம்பெனிக்காரன் எதைத் தட்டினாலும் தலையாட்டும். புதுசு தானாக் கணக்குப் போட்டுக் கண்டுபிடிச்சிடுச்சு.”

“இதை மேல சொல்ல வேண்டியதுதானே!”

“எல்லார்கிட்டயும் சொன்னேன். கால்ல விழாத குறை. பாகத்தை மாத்த நேரமில்ல, பழசுல போட்டு உடனே சான்றிதழைக் குடுன்னாங்க.”

குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. தம்பி இன்னும் அவரைத் திட்டிக்கொண்டுதான் இருந்தான்.

வீட்டைவிட்டுக் கிளம்புமுன் மூன்று தடவை பூட்டை இழுத்துப் பார்க்கிற மனுஷன் இவர். அவள் அவர் முகத்தையே பார்த்தாள்.

“அப்போ... கைதவறிடுச்சுன்னு சொன்னது?”

“அவங்க சொல்லி முடிச்சதும் என் சீட்டுக்குப் போய்தான் அழிச்சேன்.”