மல்டிமீடியாவில் எழும்பிய வீடு

செங்கற்கள் நிலத்திலிருந்து தாமாகவே கிளம்பி, வரிசையில் போய் உட்கார்ந்தன.

மேசன் இல்லை, சீமெந்து இல்லை. பின்னணியில் வயலின் மட்டும்.

சுவரில் கட்டிய வெள்ளைத் துணியில் அஸ்பியாவின் வீடு எழும்பிக்கொண்டிருந்தது. பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை வீட்டார் ஏழு பேரும், கடித்த தொதல் இனிப்பை விழுங்க மறந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எங்கள் பக்கத்தில் பெண் புகுந்த வீடு போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்குக் குடிவருவார். வீடு இல்லையென்றால் நிக்காஹ் இல்லை.

அஸ்பியாவின் வாப்பா அலியாருக்கு நற்பிட்டிமுனையில் வயல். இரண்டு போகத்தை வெள்ளம் கொண்டுபோனதில் மகளின் வீடு அத்திவாரத்தோடு நின்றுவிட்டது. இப்போது அதற்குள் ஆடு மேய்கிறது.

அதனால்தான் மச்சினன் சப்ரியைப் பிடித்தார்.

சப்ரி கல்முனையில் அதிகாரிகளுக்கு ஸ்லைட் செய்து கொடுப்பவன். ஸ்லைடில் தகவல் போடக்கூடாது, உணர்ச்சி போடவேண்டும் என்று வகுப்பும் எடுப்பவன். ஒரு வடிகான் திட்டத்துக்கு அவன் செய்ததைப் பார்த்து மண்டபமே கண்கலங்கியதாம். வடிகான் இன்னும் வரவில்லை.

கமரா கடலுக்கு மேலால் பறந்து, வயலைக் கடந்து, வாசலில் இறங்கியது. கதவு தானாகத் திறந்தது. ‘படுக்கையறை’ என்ற எழுத்துகள் ஒவ்வொன்றாகக் குதித்து வந்து நின்றன. படியில் ஒரு பூனை கண் சிமிட்டியது. பூனை இருந்தால் ஆட்கள் நம்புவார்கள் என்பது சப்ரியின் ஆராய்ச்சி.

“மாஷா அல்லாஹ், பூனையும் இரிக்கி!” என்றார் மாப்பிள்ளையின் உம்மா.

அலியார் தரையைப் பார்த்தார். வந்தவர்களிடம் அவர் ஒரு பொய்யும் சொல்லவில்லை. இது இனிமேல்தான் கட்டவேண்டிய வீடு என்பதையும் சொல்லவில்லை.

வீட்டுக்குப் பின்னால் சூரியன் மறைந்தது. வயலின் அடங்கியது. துணி மறுபடி வெறும் துணியானது.



மாப்பிள்ளையின் வாப்பா கலந்தர்லெவ்வை எழுந்தார். சப்ரியின் தோளில் கை போட்டு, கிணற்றடிக்குக் கூட்டிப் போனார். சம்மந்தம் முறிந்தது என்றே அலியார் நினைத்தார்.

“தம்பி, வாற வழியில ஆடு மேயிற அந்த வளவ எட்டிப் பாத்துத்தான் வந்தம்,” என்றார் கலந்தர்லெவ்வை.

சப்ரி திரும்பி வீட்டுப் பக்கம் அலியாரைத் தேடினான்.

“பயப்படாத. நிக்காஹ்வுக்கு நாள் பாக்கச் சொல்லு. ஊட்ட ஆறுதலா, மெதுவாக் கட்டட்டும்.”

பிறகு சுற்றிலும் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“எங்கட மகள்ர ஊடும் அத்திவாரத்தோடதான் நிக்கிது. வெள்ளிக்கிழம ஆக்கள் பாக்க வாறாங்க. அதையும் துணியில எழுப்பி, ஒரு மேல்மாடியும் போட்டுத் தா.”