கறுப்பு நூல்

"பீரோவை நீ எடுத்துக்கோம்மா. மிக்ஸி பக்கத்து வீட்டுக்கு. சோபாவை அந்த மெக்கானிக் தம்பி கேட்டாரு, அவருக்கே குடுத்துடலாம்."

அறை நடுவில் நின்றுகொண்டு பெரியவள் அள்ளி அள்ளிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். நிலைப்படியில் சாய்ந்து நின்ற சின்னவளுக்கு வயிறு பற்றி எரிந்தது.

எரியாதா பின்னே? இரண்டு பேரும் ஒரே வீட்டு மருமகள்கள்தான். பெரியவள் புருஷனோடு வெளிநாட்டுக்குப் பறந்தபோது தன் சாமான்களை எல்லாம் இந்த அறையில் போட்டுப் பூட்டி, சாவியைச் சின்னவள் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். அன்றிலிருந்து இந்த அறை சாமான்களுக்கு. சின்னவளின் மகள் சமையலறை மூலையில் உட்கார்ந்து பரீட்சைக்குப் படித்தாள்.

தூசி தட்டியது யார்? சின்னவள். பூச்சி உருண்டை போட்டது யார்? சின்னவள். மழைக்குச் சுவர் ஒழுகியபோது அத்தனையையும் தனி ஆளாக நகர்த்தி வைத்து, ஒரு வாரம் முதுகைப் பிடித்துக்கொண்டு நடந்தது யார்?

இப்போது லீவில் வந்து ஊருக்கெல்லாம் தானம். 'உனக்கு என்னடி வேணும்?' என்று ஒரு வாய்வார்த்தை உண்டா?

"எல்லாத்தையும் குடுத்துட்டா உங்களுக்கு வேணாமாக்கா?" குரலில் தேனைத் தடவிக்கொண்டு கேட்டாள்.

"அங்க இருக்கிறதே தீப்பெட்டி மாதிரி வீடு. இப்போ அதை விடச் சின்னதுக்கு மாறப் போறோம். இதெல்லாம் எங்க கொண்டுபோய் வைக்கிறது?"

வெளிநாட்டு வீடு தீப்பெட்டியாம்! காதில் பூச்சுற்ற வேறு ஆள் கிடைக்கவில்லை போலிருக்கிறது.

"பெரியண்ணி, அந்தக் கருநீலப் பட்டு எங்கே?" பீரோவைத் துடைத்துக்கொண்டிருந்த நாத்தனார் திரும்பினாள். "என் பொண்ணு அதையே கேட்டுக்கிட்டு இருக்கா."

சின்னவளுக்குப் பகீரென்றது.

போன வருஷம் அவள் தம்பிக்குக் கல்யாணம். பெண் வீட்டார் முன்னால் கட்டிக்கொண்டு நிற்க உருப்படியாக ஒரு புடவை இல்லை. யாருக்கும் தெரியாமல் இந்த அறையைத் திறந்து அந்தப் பட்டை எடுத்துக் கட்டிக்கொண்டாள். ரவிக்கை இறுக்கமாக இருந்தது. பக்கத் தையலைப் பிரித்துவிட்டுப் போட்டுக்கொண்டாள். ஊர் திரும்பியதும் பழைய தடத்திலேயே மறுபடி தைத்து, பழைய மடிப்பு கலையாமல் மடித்து வைத்துவிட்டாள்.

அதற்குப் பல நாள் கழித்துத்தான் கவனித்தாள். ஊசி டப்பாவில் கருநீல நூல்கண்டு பிரிக்காமல் அப்படியே இருந்தது. அவசரத்தில் கறுப்பு நூலில் தைத்திருக்கிறாள்! யார் பார்க்கப் போகிறார்கள் என்று விட்டுவிட்டாள்.

இதோ, பீரோவிலிருந்து பட்டைத் தேடி எடுத்த நாத்தனார் பார்த்துவிட்டாள்.

"என்ன கூத்து இது! நீலப் பட்டு ரவிக்கைக்குப் போய் யாராவது கறுப்பு நூல்ல தைப்பாங்களா? யாரோ பிரிச்சுத் தைச்சிருக்காங்க பெரியண்ணி!" அவள் பார்வை நேராக நிலைப்படிக்கு வந்தது. "ஆமா, ரூம் சாவி யார்கிட்ட இருந்துச்சு?"

கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த சின்னவளின் புருஷன் பேப்பரைத் தாழ்த்தினான். 'திருடி' என்று இந்த வீட்டில் ஒரு பேர் விழுந்தால், சாகிற வரை நாத்தனார் அதைச் சொல்லிக்காட்டுவாள்.

பெரியவள் ரவிக்கையை வாங்கித் தையலைத் தடவிப் பார்த்தாள்.

"நான்தான்மா தைச்சேன்."

"நீங்களா? ஒரு பிசிறு விடாம தைப்பீங்களே!"

"ஊருக்குக் கிளம்புற அவசரத்துல தைச்சது. கண்ணு மங்கிப் போச்சு. இந்தப் புடவையை மட்டும் நான் யாருக்கும் தர்றதா இல்ல. விடு."

சொல்லிவிட்டுப் புடவையைத் தன் கைப்பையில் வைத்து ஜிப்பை இழுத்தாள்.

அப்பாடா என்று இருந்தது சின்னவளுக்கு. ஆனால் அந்த அப்பாடா ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. 'அதானே பார்த்தேன்! இருக்கிறதிலேயே நல்லதைத் தனக்குன்னு சுருட்டிக்கிட்டா பாரேன்!' மறுபடி எரிய ஆரம்பித்தது.

பீரோவை வண்டியில் ஏற்றிக்கொண்டு நாத்தனார் கிளம்பிப் போனாள். காலியான அறையைச் சின்னவள் கூட்டிக்கொண்டிருந்தபோது பெரியவள் உள்ளே வந்தாள்.

"நாளைக்கே உன் பொண்ணு மேஜையை இங்க தூக்கிப் போடு."

கைப்பையைத் திறந்தாள். கருநீலப் பட்டைச் சின்னவள் கையில் வைத்தாள்.

"இந்தா. முதல்ல அந்தக் கறுப்பு நூலைப் பிரி. பார்க்கச் சகிக்கலை."

துடைப்பம் கீழே விழுந்தது. "அக்கா... உங்களுக்கு எப்படி..."

"உன் தம்பி கல்யாண வீடியோவை உன் வீட்டுக்காரர்தானே எங்களுக்கு அனுப்பினாரு? என் புடவை எனக்குத் தெரியாதா?"

"அப்பவேவா! என் மேல கோபம் வரலையா?"

"கோபம் வரலை. வயிறுதான் எரிஞ்சுது."

"தப்புதான்க்கா. கேட்டுட்டு எடுத்திருக்கணும்..."

"அட, புடவைக்கு யாருடி எரிவா? வீடியோவுல உன்னைச் சுத்தி அத்தனை பேரு நின்னு சிரிச்சுப் பேசுறாங்க. ஒருத்தி முந்தானையைப் பிடிச்சுப் பார்க்கிறா, ஒருத்தி எங்கே எடுத்தேன்னு கேட்கிறா. அங்க நான் எதைக் கட்டினாலும் கண்ணாடிதான் பார்க்கணும்."

சின்னவள் புடவையை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"அடுத்த கல்யாணத்துக்கும் இதையே கட்டிக்கோ. வீடியோவை மட்டும் மறக்காம அனுப்பு" என்றாள் பெரியவள். "அங்க எனக்குப் பொறாமைப்படக்கூட வேற ஆள் இல்லடி."