மூன்றாம் பாகம்

எண்பத்து மூன்றாம் வருஷத்தில் ஓஷ் நகரத்தில் ஆட்டுக்கறிகூடச் சுலபமாகக் கிடைத்தது. புது நாவல் கிடைக்கவில்லை. அதற்கு அரசாங்கம் ஒரு வழி செய்திருந்தது. இருபது கிலோ பழைய காகிதம் கொண்டுபோய் எடைக்குப் போட்டால் ஒரு சீட்டு தருவார்கள். சீட்டோடு புத்தகக் கடை வரிசையில் நின்றால் ஒரு நாவல். நூறு கிராம் குறைந்தாலும் சீட்டு கிடையாது. ஊரே பழைய செய்தித்தாளைத் தேடி மாமியார் வீடு வரைக்கும் போய்க்கொண்டிருந்தது.

எசென்கெல்திக்கு அந்தத் தொல்லை இல்லை. அவன் அந்தப் புத்தகக் கடையின் மேலாளர். நாவல் பெட்டி வந்ததும் பாதியைப் பின்னறையில் ஒதுக்கிவிடுவான். அவை பின்வாசல் வழியாகக் கறிக்கடைக்காரருக்கும் பல் டாக்டருக்கும் போகும். அதனால் அவன் வீட்டில் கறிக்குக் குறைவில்லை, வாயில் இரண்டு தங்கப் பல். முன்வாசல் வரிசையில் நிற்பவர்களின் முகத்தை அவன் பார்த்ததுகூட இல்லை.

ஆறு மாதத்துக்கு முன்னால் யாரோ வயிற்றெரிச்சல் தாங்காமல் புகார் எழுதிப் போட்டார்கள். ஆய்வாளர்கள் வந்து, யார் யாருக்கு எந்த நாவல் போனது என்று அவன் கிறுக்கி வைத்திருந்த தாள்களை அள்ளிக்கொண்டு போனார்கள். செங்கல் கனத்தில் ஒரு கோப்பு ஆனது. பிறகு ஒரு சத்தமும் இல்லை. மறந்துவிட்டார்கள் என்று நிம்மதியாக இருந்தவனுக்கு, புது விசாரணை அதிகாரி வந்திருக்கிறார் என்ற செய்தி கிடைத்தது. திங்கட்கிழமை முதல் பழைய புகார்களை ஒவ்வொன்றாகத் தூசி தட்டப் போகிறாராம். கோப்பைப் படித்தால் ஐந்து வருஷம் உள்ளே.

கோப்புகள் எல்லாம் விசாரணை அலுவலகத்தின் ஆவண அறையில், புருல்ச்சா என்பவளின் பொறுப்பில் இருந்தன. ஐம்பது வயதாகியும் அவளுக்கு நாவல் பைத்தியம் தீரவில்லை. பஸ்ஸில் படித்துக்கொண்டே போய், இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிவிடுவாள். ஒரு துப்பறியும் நாவலின் இரண்டு பாகங்களைப் படித்துவிட்டு, மூன்றாவது வந்ததா என்று வசந்தகாலம் முழுக்கக் கடைக்கு நடந்தவள்.

அதுதான் எசென்கெல்தியின் துருப்புச் சீட்டு. சனிக்கிழமை மத்தியானம் மூன்றாம் பாகத்தைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டு ஆவண அறைக்குள் நுழைந்தான். அவனைப் பார்த்ததும் புருல்ச்சா எதையோ மேசை இழுப்பறைக்குள் தள்ளி முழங்காலால் மூடினாள். தின்பண்டமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டான்.

"அக்கா, மூணாம் பாகம்!" என்று செய்தித்தாளைப் பிரித்து நீட்டினான்.

புருல்ச்சாவின் முகம் வெளுத்தது.

"இத எதுக்கு இங்க கொண்டுவந்தே?"

"உங்களுக்குத்தான். புத்தம் புதுசு, ஒருத்தர் கைகூடப் படல. சும்மா மோந்து பாருங்க."

"எனக்கு வேணாம்."

"வேணாமா? கொலைகாரன் யாருன்னு தெரியாமலே செத்துப்போயிருவேன்னு என் கடையில நின்னு புலம்பினது யாராம்?"

"எடுத்துட்டுப் போ தம்பி. யாராவது பாத்துடப் போறாங்க."

எசென்கெல்தி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான். "விஷயத்துக்கு வரேன். இங்க என் கோப்பு ஒண்ணு கெடக்கு. அது தொலைஞ்சுபோனா யாருக்கு என்ன கெட்டுப்போச்சு?"

அவள் விருட்டென்று எழுந்தாள். "தொலையறதா? இருபத்தேழு வருஷமா இந்த அறையில ஒரு துண்டுக் காகிதம் தொலைஞ்சதில்ல! வெளிய போய் அப்படி ஏதாவது உளறினே, நடக்கறதே வேற!"

"கோவிச்சுக்காதீங்க. பன்னிரண்டு பாகத்துல ஒரு நாவல் வருது, அதையும்..."

"கெளம்பு!"

புத்தகத்தை அவளே மறுபடியும் செய்தித்தாளில் சுற்றி அவன் மடியில் போட்டாள். அவன் கண்ணைப் பார்க்கவே இல்லை. இவ்வளவு ஆசையை வைத்துக்கொண்டு எப்படித்தான் மறுக்கிறாளோ என்று எசென்கெல்தி வியந்தான். நேர்மையான ஆளை அவன் இவ்வளவு கிட்டத்தில் பார்த்ததில்லை. கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது.

வெளியே வந்து ஒரு பாப்லார் மரத்தடியில் நின்று யோசித்தான். இவள் மசிய மாட்டாள். திங்கட்கிழமை கோப்பு அதிகாரியின் மேசைக்குப் போய்விடும். அதற்கு முன்னால் தானாகவே போய் ஒப்புக்கொண்டால் ஐந்து வருஷம் இரண்டாகக் குறையலாம்.

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் உட்கார்ந்து பதினொரு பக்கம் எழுதினான். மனம் திருந்தியவன் என்று தெரியட்டும் என்று, கோப்பில் இல்லாத விஷயங்களையும் சேர்த்தே எழுதினான். மனைவி அழுதுகொண்டே கம்பளிக் காலுறைகளையும் பொரித்த ரொட்டித் துண்டுகளையும் பையில் கட்டிக் கொடுத்தாள்.

திங்கட்கிழமை காலை முதல் ஆளாக அதிகாரியின் முன்னால் போய் நின்றான். அவர் பதினொரு பக்கத்தையும் பொறுமையாகப் படித்தார்.

"யாருப்பா நீ? எதுக்கு இதையெல்லாம் எங்கிட்ட வந்து சொல்றே?"

"உங்ககிட்ட வரப்போற கோப்புல இருக்கற ஆளுதாங்க. நீங்க கூப்பிடறதுக்கு முன்னால நானே வந்துட்டேன்."

அதிகாரி மேசையில் இருந்த பட்டியலை மேலிருந்து கீழ்வரை விரலால் தடவிப் பார்த்தார். "இன்னிக்குக் காலையில புருல்ச்சா கொடுத்த பட்டியல் இது. இதுல உன் பேரே இல்லியே!" என்று சொல்லிவிட்டு, பதினொரு பக்கத்தையும் பத்திரமாகத் தன் மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினார்.

சனிக்கிழமை மேசை இழுப்பறைக்குள் தள்ளிய அந்த மூன்றாம் பாகத்துக்காகப் போன மாதம் புருல்ச்சா கட்டிய பழைய காகித மூட்டை பதினெட்டரைக் கிலோதான் தேறியது. மீதி ஒன்றரைக் கிலோவுக்கு, பல மாதமாக யாரும் கேட்டு வராத ஒரு கோப்பை எடுத்து அதன்மேல் வைத்து எடைக்குப் போட்டிருந்தாள்.