எட்டாவது கட்டம்

திரையில் எட்டுக் கட்டங்கள். ஏழில் படம் இருந்தது. எட்டாவது சாம்பல் நிறத்தில் சும்மா கிடந்தது.

அதன் கீழே 'பெண்கள் கழிப்பறை' என்று மட்டும் இருந்தது. அந்த எழுத்தைத் தட்டியது நான்தான்.

அன்று பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம். நாங்கள் செய்த பள்ளி இணையதளத்தின் திறப்பு விழாவும் அன்றைக்குத்தான். கம்ப்யூட்டர் அறையில் நாற்காலி போதாமல் பாதிப் பெற்றோர் சுவரோரம் நின்றார்கள். தலைமையாசிரியர் தண்டாயுதபாணி சார் புதுச் சட்டை போட்டுக்கொண்டு மவுஸைப் பிடித்திருந்தார். ஒரு அழுத்து அழுத்தினால் எங்கள் பள்ளியை யாரும் எங்கிருந்தும் பார்க்கலாம்.

அவர் அழுத்தவில்லை. அந்தக் கட்டத்தையே பார்த்தார்.

"நேத்தே சொன்னேனில்ல கோகிலவாணி, கூகுள்ல ஏதாச்சும் ஒரு படத்த எடுத்துப் போடுன்னு?" என்றார், பல்லைக் கடித்துக்கொண்டு, மெதுவாக.

கோகிலவாணி என் பக்கத்தில் நின்றாள். பத்தாம் வகுப்பு. தளம் செய்த எங்கள் எட்டுப் பேருக்கும் அவள்தான் தலைவி. எதையும் பிடித்தால் உடும்புப் பிடி.

தளத்தை மாணவர்களே செய்யட்டும் என்று முடிவான அன்றே அவள் பலகையில் ஒரு விதி எழுதினாள்: நாம் எடுத்த படம் மட்டுமே போடுவோம். சாருக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. தனியார் பள்ளிக்காரர்கள் எந்த ஊர்ப் புல்வெளியையோ போட்டுப் படம் காட்டுகிறார்கள், நம் தளத்தில் இருப்பதெல்லாம் நிஜம் என்று காலை வழிபாட்டில் மைக்கில் சொன்னார். அன்று கூட்டம் தொடங்கும்போது பெற்றோரிடமும் அதையே சொன்னார்.

நுணலும் தன் வாயால் கெடும்.

வசதிகளின் பட்டியலை எழுதிக் கொடுத்ததும் அவர்தான். நூலகம், ஆய்வகம், குடிநீர் என்று எட்டு. எதை யார் படம் எடுப்பது என்று சீட்டுக் குலுக்கினோம். கோகிலவாணிக்குக் கழிப்பறை விழுந்தது. பையன்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

பெண்கள் யாரும் சிரிக்கவில்லை.

அதைக் கட்டி அப்போதே இரண்டு வருடம் ஆகியிருந்தது. ரிப்பன் வெட்டிய அன்று திறந்தது, மறுநாள் பூட்டு. திறந்துவிட்டால் நாறிப்போகும், ஆய்வுக்கு வருகிறவர்கள் முகம் சுளிப்பார்கள் என்பது சாரின் நியாயம். சாவி அவருடைய சாவிக்கொத்தில் இருக்கும். அதிகாரிகள் வந்தால் மட்டும் கதவு திறக்கும்.

நாங்கள் பள்ளிக்குப் பின்னால் கருவேலம் புதருக்குப் போய்க்கொண்டிருந்தோம். போன வருடம் அங்கே தறிக்கொட்டகை வந்துவிட்டது. அதோடு போவது நின்றது. தண்ணீர் குடிப்பதும் நின்றது. எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி வழிபாட்டில் மயங்கி விழுந்தாள். எனக்கு நீர்க்கடுப்பு இரண்டு முறை வந்துவிட்டது. சாவி கேட்டுப் போனபோதெல்லாம், "பார்க்கலாம், போங்க" என்பார் சார். நினைத்தால் இப்போதும் ஆத்திரமாக வருகிறது.

சார் என் பக்கம் குனிந்து, கட்டத்தையே எடுத்துவிடு என்று சைகை காட்டினார். என் விரல் கீபோர்டுக்குப் போனது. கோகிலவாணி என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள். வலித்தது.

அந்த நேரம் பார்த்துக் குழுத் தலைவி வசந்தாமணி அக்கா சுவரோரத்திலிருந்து எட்டிப் பார்த்தார்.

"ஏஞ் சாமி, எல்லாத்துலயும் படம் இருக்குது. அது ஒண்ணு மட்டும் ஏன் சும்மா கெடக்குது?"

"பூட்டியிருக்குதுங்கக்கா," என்றாள் கோகிலவாணி. "சார் சாவி குடுத்தாருன்னா இப்பவே போயி எடுத்துட்டு வந்தர்றனுங்க."

அறையில் இருந்த அத்தனை பேரும் சாரைப் பார்த்தார்கள்.

சார் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. பையிலிருந்து கொத்தை எடுத்து, ஒரு சாவியை மட்டும் கழற்றி, அவள் கையில் வைத்தார்.

"படம் எடுத்ததும் சாவி எங்கிட்ட வந்துடணும்."

"சரிங்க சார்."

அவள் ஓடவும் இடைவேளை மணி அடிக்கவும் சரியாக இருந்தது. ஜன்னல் வழியே பார்த்தேன். ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை ஒவ்வொரு வாசலிலிருந்தும் பெண்கள் வெளியே வந்து அவள் பின்னால் போனார்கள். யாரிடம் எப்போது சொல்லி வைத்தாள் என்று எனக்குத் தெரியாது.

திரும்பினால், படம் எடுக்க எங்கள் கம்ப்யூட்டர் டீச்சர் கொடுத்திருந்த செல்போன் கீபோர்டுக்குப் பக்கத்திலேயே கிடந்தது. யாரும் பார்ப்பதற்குள் அதை என் நோட்டுக்கு அடியில் தள்ளினேன்.

முக்கால் மணி நேரம் கழித்து வந்தாள்.

"வெளிச்சம் பத்தலைங்க சார். நாளைக்கு எடுத்துப் போட்டர்றோமுங்க."

டீ ஆறிக்கொண்டிருந்தது. பெற்றோர் கிளம்பத் தயாராக இருந்தார்கள். சார் பட்டனை அழுத்தினார். எல்லாரும் கைதட்டினார்கள்.

ஐந்து மாதம் ஆகிறது. கழிப்பறை நாறவில்லை. உபயோகிக்கிறவர்களுக்குத்தானே அக்கறை இருக்கும்.

தளத்தில் எட்டாவது கட்டம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. வாரம் தவறாமல் சார் கேட்கிறார், படம் எடுத்தாச்சா என்று. இன்னும் இல்லைங்க சார் என்கிறோம்.

எடுத்துவிட்டால் சாவியைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமே.