அடைக்கலத்தின் பன்னிரண்டு கேள்விகள்

“ரெண்டு பக்கமும் ஆறு ஓடற ஊர்ல இருந்துண்டு குழாய் வேணும்னு கேக்கறீரே, காவேரி கோச்சுக்க மாட்டாளா ஓய்?”

சேர்மன் ஸ்ரீனிவாசராகவன் இப்படிக் கேட்டதும் நகரசபைக் கூடமே சிரித்தது. சேர்மன் பேசினால் சிரிக்க வேண்டும் என்று கவுன்சிலர்கள் தீர்மானம் போடாததுதான் குறை.

கேள்வி கேட்ட அடைக்கலம் மட்டும் சிரிக்கவில்லை. கொள்ளிடக் கரையில் செங்கல் சூளை வைத்திருப்பவர். கரையோரத் தெருவுக்குக் கவுன்சிலர்.

“சித்திரை மாசம் ஆத்துல மணல்தானுங்க ஓடுது. பொம்பளைங்க ஊத்து தோண்டி, கலங்கல் தண்ணியை மொண்டுட்டு வராங்க. போன மாசம் வாந்திபேதியில மூணு உசிரு போயிடுச்சு. அதுல ஒண்ணு என் தங்கச்சி மகளுங்க.”

“அதுக்குத்தான் எல்லாரும் எழுந்து நின்னு ரெண்டு நிமிஷம் மௌனம் அனுஷ்டிச்சோமே.”

சேர்மனுக்கு இந்தக் கேள்வி நேரம் என்றால் கொள்ளை ஆசை. இருபது வருஷ வக்கீல் தொழிலில் எந்த ஜட்ஜும் ரசிக்காத அவர் வாய்க்கு இங்கேதான் மரியாதை கிடைத்தது.

“உங்க தோட்டத்துக்குள்ள ஒரு முனிசிபல் குழாய் இருக்குங்களே?” என்றார் அடைக்கலம்.

“அது பொதுக் குழாய்தான் ஓய். கண்ட மாடும் வந்து முட்டாம இருக்கணுமேன்னு சுத்தி மதில் கட்டியிருக்கேன். நீர் என்னைப் பாராட்டியிருக்கணும்.”

மறுபடியும் சிரிப்பு. பாராட்டவும் இரண்டு பேர் எழுந்தார்கள். சேர்மன் அடக்கத்தோடு கையமர்த்தினார்.

அடைக்கலம் அடுத்த கேள்விக்குப் போனார். விதிப்படி பன்னிரண்டு கேள்விகளைப் பத்து நாள் முன்னாடியே எழுதிக் கொடுத்திருந்தார்.

“எங்க தெரு விளக்கைப் போன மாசம் ஒரு வாரம் பூராவும் ஏன் ஏத்தலைங்க?”

“பௌர்ணமியை ஒட்டி விளக்கு ஏத்தற வழக்கமில்லை. நிலா இருக்கே.”

“வானம் மூடிக்கிட்டு இருந்துச்சுங்க.”

“பஞ்சாங்கத்துல அப்படிப் போடலையே.”

சிரித்துச் சிரித்து ஒரு கவுன்சிலருக்குப் புரையேறிவிட்டது. அதோடு விட்டாரா அடைக்கலம்? குப்பை வண்டி எத்தனை, அதில் ஓட்டை எத்தனை என்று கேட்டார். ஒன்பதாவது கேள்வியில், குப்பை வண்டி இழுக்கும் மாடுகளுக்குப் பெயர் உண்டா என்று கேட்டார். சேர்மன் ஆனந்தமாகப் பெயர்களைச் சொல்லி, ஒவ்வொன்றின் குணத்தையும் வர்ணித்தார். பத்தாவதுக்கு, அவற்றில் வலது பக்கம் பூட்டுவது எதை, இடது பக்கம் எதை என்றார் அடைக்கலம். சேர்மன் அதற்கும் கால் மணி நேரம் பேசினார்.

பக்கத்து நாற்காலிக் கவுன்சிலர் பரக்கத் அலி, அடைக்கலத்தின் சட்டையைப் பிடித்து இழுத்தார். “அண்ணே, மானம் போவுது, உக்காருங்க. தண்ணி கேக்க வந்துட்டு மாட்டுக்குப் பேரு கேக்கறீங்களே.”

அடைக்கலம் உட்காரவில்லை. கடைசிக் கேள்வியையும் கேட்டுவிட்டுத்தான் உட்கார்ந்தார். சேர்மனுக்கே பாவமாகப் போய்விட்டது. எதிராளி என்று இருந்தால் கொஞ்சம் மூளையாவது இருக்க வேண்டாமா?

மணி மூன்றடித்தது. பின்கட்டிலிருந்து வாழைக்காய் பஜ்ஜி வாசனை வந்தது. இனி மிச்சமிருந்தது தீர்மானங்கள்தான்.

டிபன் வந்துவிட்டால் மேனேஜர் யதிராஜன் தீர்மானத்தை முழுசாகப் படிக்கமாட்டார். நம்பரை மட்டும் சொல்வார். சேர்மன் பதவிக்கு வந்த புதிதில் செய்த ஏற்பாடு அது. அவர் மாமனார் வீட்டு வாசலுக்கு ரோடு வந்தது இந்த வழியாகத்தான். இன்றைக்கும் இரண்டாம் நம்பரில் அவர் மாட்டுக்கொட்டகைக்கு ஒரு தெரு விளக்கு இருந்தது. மற்ற நம்பர்களில் என்ன இருக்கிறது என்று அவர் பார்த்ததில்லை. அஜெண்டா எல்லார் கையிலும் இருந்தது. அந்த வெயிலில் அதை வைத்து விசிறிக்கொள்ளத்தான் நேரம் சரியாக இருந்தது.

“ஒண்ணு,” என்றார் யதிராஜன்.

“சம்மதம்,” என்றது சபை.

“ரெண்டு.”

“சம்மதம்.”

“பஜ்ஜி ஆறிடும் ஓய். மூணுலேர்ந்து ஆறு வரைக்கும் மொத்தமா நானே பிரேரேபிக்கறேன். ஆட்சேபணை உண்டா?” என்றார் சேர்மன்.

யாருக்கும் இல்லை. கைகள் உயர்ந்தன. சேர்மன் கையெழுத்தைப் போட்டுவிட்டு எழுந்தார்.

தாழ்வாரத்தில், தட்டும் கையுமாக அடைக்கலத்திடம் அவரே வலிய வந்தார். ஜெயித்தவருக்குப் பெருந்தன்மை வராதா என்ன?

“மனசுல வச்சுக்காதீர். பன்னண்டு கேள்வி கேட்டீர், ஒரு சொட்டுத் தண்ணி வரலையே!”

“வந்துடுச்சுங்களே. உங்க மதிலை இடிச்சு, அந்தக் குழாயை எங்க தெருவுல கொண்டாந்து நடணும்னு நான் எழுதிக் குடுத்ததுதாங்க அஞ்சாவது தீர்மானம். நீங்களே பிரேரேபிச்சுட்டீங்க.”

சேர்மன் கையிலிருந்த பஜ்ஜி வாய்க்குப் போகவில்லை. யதிராஜன் பக்கம் திரும்பினார். “நீர் ஒரு வார்த்தை சொல்லப்படாதோ?”

“டிபன் வந்தப்புறம் நம்பர் மட்டும் சொன்னாப் போறும்னு தேவரீர் உத்தரவு. நிறைவேறினதை மூணு மாசத்துக்குத் தொடவும் முடியாது, சட்டம் அப்படி.”

பரக்கத் அலிக்குத்தான் இன்னும் விளங்கவில்லை. “அது சரிண்ணே, அந்த மாட்டுப் பேரெல்லாம் எதுக்குக் கேட்டீங்க?”

“மூணு மணிக்கு முன்னாடி தீர்மானம் வந்திருந்தா முழுசாப் படிச்சிருப்பாங்களே தம்பி,” என்றார் அடைக்கலம். “டிபன் வர்ற வரைக்கும் இவரைப் பேச வைக்கணும்ல?”